நடுவட்டத்தில் ஒரு பழைய ஜெயில்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் நடுவட்டம் வந்ததும் டீ குடிக்க இறங்குகிறோம். அங்கே டான்டீ வளாகத்தில் ஒரு பழைய ஜெயில் இருப்பது பலருக்குத் தெரியாது. "ஜெயில்ல பார்க்க என்ன அண்ணி இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள் என் நாத்தனார்.

ரொம்பவே இருக்கிறது. நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு சிங்கப்பூர், பினாங்குப் பக்கத்துச் சிறைகளில் இடம் போதவில்லை. வெள்ளைக்கார அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? சீனக் கைதிகளைக் கப்பலேற்றிச் சென்னை ராஜதானிக்கு அனுப்பிவிட்டது! அவர்களில் சிலர் இந்த மலைக்கு வந்தார்கள். நடுவட்டத்தில் சிங்கோனா தோட்டத்தில் வேலை. மலேரியாவுக்குக் கொடுத்தார்களே கொயினா, அது இந்த மரத்துப் பட்டைதான். லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக் கட்டடத்துக்கும் உழைத்தார்கள். ஒரு மழை இரவில் பன்னிரண்டு பேர் தப்பியும் ஓடினார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்த கதை. விடுதலையானவர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு, காய்கறி பயிரிட்டு, கொஞ்சம் காப்பி போட்டு, மாடு வளர்த்து நாணயமாகப் பிழைத்தார்கள். சென்னை மியூசியத்துத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பூட்டு செய்யாததை ஒரு துண்டு நிலமும் ஒரு பசுவும் செய்துவிட்டன!

இட நெருக்கடி மட்டும் தீரவில்லை. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர். நாலில் மூன்று பேர் தண்டனை பெற்றவர்களே இல்லை, விசாரணைக் கைதிகள். தாயோடு உள்ளே இருந்த குழந்தைகள் மட்டும் ஆயிரத்தைந்நூறுக்கு மேல். ஜாமீனுக்குச் சொத்துள்ள ஆளைக் கூட்டி வா என்றால், கொழுந்து பறித்து லைன் வீட்டில் குடியிருப்பவள் யாரைப் போய்க் கேட்பாள்?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காதவரை ஏழை என்று கருதி, சொந்தப் பிணையிலேயே விட வேண்டும். முதல் தடவை சிக்கியவர், வேறு வழக்கு இல்லாதவர் என்றால், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே கழித்ததும் விட வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டம். தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவைதான். நன்னடத்தையின் பேரில் வெளியே விடும் சட்டமோ 1958-லிருந்தே இருக்கிறது. எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீலுக்குக் காசா? பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், போனில் 15100. வேலைக்கு வருகிற அம்மாளிடமும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.