கப்பலில் தனிக் காசு கொடுத்துச் சாப்பிடலாமா?

மதுரையில் மெஸ்சுக்குப் போய்ச் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும்.

இலை போடுவார்கள். சோறு வைப்பார்கள். குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல் எல்லாம் வரும். எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள். சாப்பாட்டுக்கு ஒரே விலை.

அந்த நேரம் பார்த்து ஒருவர் பெரிய தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். தட்டு நிறையச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். சுக்கா, கோலா உருண்டை, நண்டு, காடை, அயிரை மீன் குழம்பு! "என்ன வைக்கட்டும், அண்ணே?" என்று கேட்பார்.

வாசனை மூக்கைத் துளைக்கும். கை தானாக நீளும்.

பில் வந்தபிறகுதான் விஷயம் புரியும். சாப்பாட்டு விலை கொஞ்சம். தட்டில் இருந்து எடுத்ததன் விலை அதிகம்!

உல்லாசக் கப்பலிலும் இப்படி ஒரு தட்டு வருகிறது. அதற்கு 'ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்' என்று பெயர். 'தனிக் கட்டண உணவகம்' என்று நாம் சொல்லலாம்.

கப்பல் டிக்கெட்டிலேயே சாப்பாடு சேர்ந்திருக்கிறது. அப்படியிருக்க, மேலும் காசு கொடுத்து அங்கே போய்ச் சாப்பிட வேண்டுமா? அது லாபமா, நஷ்டமா?

இந்தக் கேள்வி மதுரையில் ஒரு வீட்டில் சண்டையையே கிளப்பிவிட்டது.

செல்லூர்ச் சண்டை

செல்லூரில் ஒரு குடும்பம். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் இருவர். ஆக மொத்தம் ஆறு பேர்.

பெரியவருக்கு அறுபது வயது நிறைந்தது. மூன்று வருஷம் கட்டிய ஏலச்சீட்டுப் பணம் கைக்கு வந்தது. சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்குக்கு மூன்று இரவு கப்பலில் போய்வருவது என்று முடிவு செய்தார்கள்.

பினாங்கு ஏன்? அதற்கு ஒரு காரணம் உண்டு. பெரியவரின் மனைவியுடைய தகப்பனார் பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 'ரஜூலா' கப்பலில் போனவர், அதே கப்பலில் திரும்பி வந்தவர். "எங்க அய்யா இருந்த ஊரை ஒரு தடவை பார்த்துடணும்" என்று அந்த அம்மாள் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் எடுத்தாயிற்று. மகன் ஒருநாள் போனைக் காட்டினான்.

"அப்பா! கப்பல்ல தனி ஓட்டல் இருக்கு. ஒரு ராத்திரி உங்க அறுபதாம் கல்யாண விருந்தை அங்கே வச்சுக்குவோம். முன்னாலேயே பதிஞ்சா விலை குறைவு!"

"சாப்பாட்டுக்குத்தான் டிக்கெட்லயே காசு வாங்கிட்டானே? திரும்ப எதுக்குடா காசு?" என்றார் பெரியவர்.

"எல்லாத்துக்கும் கணக்குத்தானா?" என்று மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இரண்டு நாள் பேச்சில்லை.

இருவரில் யார் சொன்னது சரி? வாருங்கள், பார்ப்போம்.

டிக்கெட்டில் சேர்ந்தது எது?

நம் பக்கத்துக்கு உல்லாசக் கப்பல் வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், 'கார்டிலியா' கம்பெனியின் 'எம்பிரஸ்' கப்பல் சென்னைத் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும் போயிற்று. மேற்குக் கரையில் பருவக் காற்று அடிக்கும் மாதங்களில் அது சென்னைப் பக்கம் வருவது வழக்கமாயிற்று. மற்றவர்கள் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுகிறார்கள்.

எந்தக் கப்பலானாலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்.

டிக்கெட்டில் சேர்ந்தவை: தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஆடல் பாடல், நீச்சல் குளம்.

சேராதவை: மதுபானம், சூதாட்ட விடுதி, உடம்பு பிடித்துவிடுதல், கரையில் ஊர் சுற்றிக் காட்டுதல், தனிக் கட்டண உணவகம்.

டிக்கெட்டில் சேர்ந்த சாப்பாடு மட்டம் என்று நினைக்க வேண்டாம். பெரிய கூடம் ஒன்று இருக்கும். உட்கார்ந்தால் மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். இன்னொரு கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார்கள். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். பசியோடு யாரும் படுக்கப் போவதில்லை!

பிறகு தனி உணவகம் எதற்கு?

இரண்டு காரணங்கள்.

ஒன்று: பெரிய கூடத்துக்கு ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் சமைக்க வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான். தனி உணவகத்தில் மேசைகள் குறைவு. சொன்ன பிறகுதான் அடுப்பில் வைப்பார்கள். சாமானும் விலை உயர்ந்தது. சத்தம் இல்லை, அவசரம் இல்லை.

இரண்டு: கம்பெனியின் வருமானம். டிக்கெட் விலையைக் குறைத்து ஆட்களை ஏற்றுவார்கள். ஏறியபின் செலவழிக்க வைப்பார்கள். மெஸ்சில் வரும் தட்டின் கதையும் இதுதானே!

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1905-ஆம் ஆண்டு 'அமெரிக்கா' என்ற ஜெர்மன் கப்பலில், புகழ்பெற்ற ஓட்டல்காரர் சேசர் ரிட்ஸின் பெயரில் தனி உணவகம் திறந்தார்கள். 1912-இல் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலிலும் முதல் வகுப்புப் பயணிகளுக்குத் தனிக் காசு உணவகம் இருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். டைட்டானிக்கில் எல்லா வேளையும் தனி உணவகத்திலேயே சாப்பிடுகிறேன் என்று சொன்னவர்களுக்கு டிக்கெட்டில் ஒரு தொகையைக் கழித்தார்கள். இந்தக் காலத்துக் கப்பலில் கழிவு கேட்டால் கிடைக்காது. பெரிய கூடத்தில் நீங்கள் சாப்பிடாமல் விட்ட வேளைக்கும் காசு கொடுத்தாயிற்று!

'ரஜூலா' கப்பலில் போன நம் பாட்டன்மார்களுக்கு இந்தக் கவலை எல்லாம் கிடையாது. 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஓடியது. பெரும்பாலோர் மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்தவர்கள். அவர்களுக்குக் கரை தெரிந்தாலே விருந்து!

பென்சிலை எடுங்கள்!

இனிக் கணக்குக்கு வருவோம்.

பெரிய கப்பல்களில் தனி உணவகக் கட்டணம் டாலரில் இருக்கும். ஒரு ஆளுக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு 15 டாலர்.

பெரியவர்கள் 4 பேர்: 200 டாலர்.

குழந்தைகள் 2 பேர்: 30 டாலர்.

ஆக 230 டாலர்.

இதோடு முடிந்ததா? இல்லை. பரிமாறுகிறவர்களுக்கான தொகையைப் பல கப்பல்களில் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். நூற்றுக்கு 18 என்று வைத்தால் 41 டாலர் 40 சென்ட்.

மொத்தம் 271 டாலர் 40 சென்ட். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 24,426 ரூபாய்!

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபத்து நாலாயிரம். செல்லூர் வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டது மருமகள். மாமனாரும் கணவனும் வாயடைத்துப் போனார்கள்.

இன்னும் நாலு விஷயம்

விலை மட்டும் பார்த்தால் போதாது. இவற்றையும் பார்க்க வேண்டும்.

எத்தனை இரவு? இரண்டு, மூன்று இரவுப் பயணத்தில் இரவுச் சாப்பாடே இரண்டு, மூன்று வேளைதான். பெரிய கூடத்தையே சரியாகப் பார்த்திருக்க மாட்டோம். அதற்குள் வேறு இடம் எதற்கு? ஏழு இரவு என்றால் கதை வேறு. ஐந்தாம் நாள் பழைய கூடம் அலுத்துப் போகும். அப்போது ஒரு மாற்றம் நன்றாகத்தான் இருக்கும்.

என்ன உணவு? இதுதான் முக்கியம். பெரிய வெளிநாட்டுக் கப்பல்களில் தனி உணவகம் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி வாட்டித் தருகிற கடை, அல்லது பச்சை மீன் வைத்துத் தருகிற ஜப்பான் கடை, அல்லது இத்தாலிக் கடை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர் முதல் கடைக்குப் போய் உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு 50 டாலர் கொடுப்பதில் என்ன பயன்? சைவக்காரர்கள் என்ன பதார்த்தம் உண்டு என்பதை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

யார் யார் வருகிறார்கள்? அங்கே ஒரு சாப்பாடு முடிய இரண்டு மணி நேரம் ஆகலாம். ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக வரும். ஐந்து வயதுப் பிள்ளை அதுவரை நாற்காலியில் உட்காருமா? ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிற பாட்டி காத்திருப்பாரா?

எந்த முறையில் காசு? சில இடங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தக் கட்டணம். சில இடங்களில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனி விலை. மொத்தக் கட்டணம் கொடுத்த இடத்திலும் சில உயர்ந்த பதார்த்தங்களுக்கு மேல்காசு கேட்பது உண்டு. விலைப் பட்டியலின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை விடாமல் படியுங்கள்.

பற்று நோட்டு ஜாக்கிரதை!

கப்பலில் ரொக்கம் புழங்காது. ஏறியவுடன் ஒரு அட்டை கொடுப்பார்கள். எதற்கும் அந்த அட்டையை நீட்டினால் போதும். கடைசி நாள் மொத்தமாகக் கணக்கு வரும்.

மளிகைக் கடைப் பற்று நோட்டு போலத்தான். எழுதும்போது வலிக்காது, மாசக் கடைசியில் வலிக்கும்!

பிள்ளைகள் அட்டையில் செலவு எழுதக் கூடாது என்று முதல் நாளே கப்பல் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். தினமும் ஒரு தடவை கணக்கைக் கேட்டுப் பாருங்கள். முன்பதிவு செய்த இடத்துக்குப் போகாவிட்டாலும் காசு பிடிக்கிற கப்பல்கள் உண்டு. வேண்டாம் என்றால் குறித்த நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள்.

எப்போது கொடுக்கலாம்?

கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கொடுக்கத் தகுந்த நேரமும் உண்டு.

ஐந்து இரவுக்கு மேல் பயணம் என்றால் ஒரு வேளை போகலாம்.

கல்யாண நாள், பிறந்த நாள் என்றால் போகலாம். வீடு, கடை, பிள்ளைகள் என்று ஓடுகிற புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து பேசுவதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் ஆறு பேரும் போக வேண்டியது இல்லை. இரண்டு பேர் போனால் போதும்.

நம் ஊரில் கிடைக்காத உணவை ஆசையோடு ருசி பார்க்க விரும்பினால் போகலாம். மதுரையிலேயே கிடைப்பதைக் கடல் நடுவில் நாலு மடங்கு விலையில் வாங்க வேண்டாம்.

இரவை விடப் பகல் சாப்பாடு பல கப்பல்களில் மலிவு. ஏறின முதல் நாள் கூட்டம் குறைவாக இருப்பதால் விலை குறைப்பதும் உண்டு. அதையும் விசாரியுங்கள்.

பெரிய கூடத்தில் ருசி சரியில்லை என்பதற்காக மட்டும் தனி உணவகத்துக்கு ஓடாதீர்கள். முதலில் பரிமாறுகிறவரிடம் சொல்லுங்கள். காரம் வேண்டும், தயிர் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கொண்டு வருவார்கள். கேட்பதற்குக் காசு இல்லை!

அப்பத்தாவின் தீர்ப்பு

செல்லூர் வீட்டில் என்ன ஆயிற்று?

மருமகள் போட்ட கணக்கைக் கேட்டபிறகு பெரியவரின் மனைவி பேசினார்.

"தம்பி, நீ அப்பாவுக்கு விருந்து வைக்கணும்னு ஆசைப்பட்டது தப்பு இல்லே. ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க அப்பா கடையைச் சாத்திட்டு வர ராத்திரி பத்து ஆகுது. நாம ஆறு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு? பெரிய கூடமா இருந்தா என்ன, சின்னக் கூடமா இருந்தா என்ன? கப்பல்ல மூணு ராத்திரியும் ஒரே மேசையில உக்காருவோம். அதுதான் விருந்து."

"அப்போ ஸ்பெஷலா ஒண்ணுமே கிடையாதா, அப்பத்தா?" என்றாள் பேத்தி.

"இருக்கு, தாயி. பினாங்குல இறங்குவோம்ல? அந்தக் காசுல கொஞ்சத்தை எங்க அய்யா ஊர்ல செலவழிப்போம்!"

அப்படியே செய்தார்கள்.

பினாங்கில் 'நாசி கண்டார்' என்று ஒரு சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத்துக்குத் தூக்கிவந்து விற்றது. சுடுசோற்றில் பல குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். இப்போது மலேசியா முழுவதும் அதற்குப் பெயர். ஆறு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். கப்பல் உணவகத்தில் ஒருவருக்குக் கேட்ட காசு கூட ஆகவில்லை!

அந்த அம்மாள் முதல் கவளத்தை வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்க அய்யா வீட்ல ஞாயித்துக்கிழமை ஒரு குழம்பு வைப்பாரு. இந்த ருசிதான். எங்கே கத்துக்கிட்டாருன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார்.

மகன் தகப்பனாரைப் பார்த்தான். தகப்பனார் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

காசு கொடுப்பதற்கு முன் எல்லோரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'வீட்டுக்குத் திரும்பியபிறகு இந்தச் சாப்பாட்டைப் பற்றி நாம் பேசுவோமா?'

பேசுவோம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லை என்றால், பெரிய கூடத்திலேயே பந்தி காத்திருக்கிறது!