காதுகுத்துப் படமும் காய்ச்சல் வலிப்பும்

போன வருஷம் ஒரு ராத்திரி, என் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. வருசநாட்டிலிருந்து கடமலைக்குண்டு தாண்டித் தேனி போய்ச் சேருவதற்குள் பிள்ளை அசந்து தூங்கிவிட்டான். டாக்டரம்மா கேட்டார்: "எந்தக் கை இழுத்துச்சு? கண் எந்தப் பக்கம் போச்சு? எத்தனை நிமிஷம்?" நான் வலது கை என்றேன், மகள் இடது என்றாள். மருமகன் பத்து நிமிஷம் என்றார். எனக்கோ விடிய விடிய இழுத்த மாதிரிதான் இருந்தது!

"இன்னொரு தடவை வந்தா, ஒருத்தர் பிள்ளையைப் பாருங்க, ஒருத்தர் செல்போன்ல பிடிச்சிட்டு வாங்கம்மா" என்றார்.

மூன்று மாசத்தில் மறுபடி வந்தது. மருமகன் போனை எடுத்தார். சில விநாடியிலேயே 'இடமில்லை' என்று நின்றுவிட்டது. உள்ளே பார்த்தால் காதுகுத்து விசேஷம்! என் அண்ணன் மகன் '4கே'யில் முழுசாகப் பிடித்து அடைத்து வைத்திருந்தான்.

அவனையே உட்கார வைத்து விவரம் கேட்டேன். 2007-ல் வந்த நோக்கியா என்95-ல் படத்தின் அகலம் 640 புள்ளிகள். 2010-ல் ஐபோன் 4-ல் 1,280. 2013-ல் சாம்சங் நோட் 3-ல் 4கே, அதாவது 3,840. 2020-ல் சாம்சங் எஸ்20-ல் 8கே, 7,680. நீளம், அகலம் பெருக்கிப் பார்த்தால் 13 வருஷத்தில் 108 மடங்கு! 108 என்றதும் எனக்கு ஆம்புலன்ஸ்தான் ஞாபகம் வந்தது.

புள்ளி கூடக்கூட இடமும் தின்னும். ஐபோன் கணக்கில் ஒரு நிமிஷப் படத்துக்கு 4கே என்றால் சுமார் 170 எம்.பி., 1080 என்றால் 60, 720 என்றால் 40. சிக்னல் விட்டுவிட்டு வரும் நம் மலைப்பக்கத்தில் பெரிய படம் டாக்டருக்குப் போய்ச் சேரவும் சேராது. கை, கண், முகம் தெரிய 720 தாராளம். 2020-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், செல்போன் படத்தைப் பார்த்தே வல்லுநர்கள் காக்காய் வலிப்பா, வேறொன்றா என்று நூற்றுக்கு 89 பங்கு சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சகோதரிகளே, முதலில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். எங்கள் ஊர் வழக்கப்படி கையில் சாவி திணிப்பதும் வேண்டாம். லைட்டைப் போட்டு, போர்வையை விலக்கி, தலை முதல் கால் வரை தெரியப் பிடியுங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் படமாவது, ஒன்றாவது! உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதன் பிறகு பேரனுக்கு வலிப்பு வரவில்லை. காதுகுத்துப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. போனில் காலியான இடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூடப் பிடிக்க நான் யாரையும் விடுவதில்லை.