கரும்பலகையை வாய்விட்டுப் படியுங்கள்!

தார்நாகாவில் பஸ்ஸை விட்டு இறங்கினால், 1918ல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக் கழகம் அருகில்தான். ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக் கழகமும் பக்கத்திலேயே. இங்கு பயில வரும் பார்வையற்ற மாணவருக்குச் சட்டத்தின் துணை உண்டு.

2016ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. மத்திய அரசு நெறிமுறைப்படி 3 மணித் தேர்வுக்கு ஒரு மணி கூடுதல் கிடைக்கும். குறைபாடு 40 சதவீதத்தை எட்டாவிட்டாலும், எழுத இயலாதவர் எழுத்தர் உதவி பெறலாம் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் தேர்வு சில நாள். வகுப்போ தினமும் உண்டு. "இதைப் பாருங்கள்" என்று விரிவுரையாளர் பலகையைத் தட்டினால் பார்வையற்றவருக்கு என்ன புரியும்? எழுதுவதை வாய்விட்டுப் படித்தால் அவரும் பாடத்தில் சேர்ந்துகொள்வார். காது மந்தமானவர் இருந்தால், மாணவர் பக்கம் முகம் திருப்பிப் பேச வேண்டும். பாடக் குறிப்பை முதல் நாளே கொடுக்கலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்காக வகுப்பைத் தரைத் தளத்துக்கு மாற்றக் கோரலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

மாணவரும் தயங்காமல் முதல் வாரமே ஆசிரியரைத் தனியே கண்டு பேசட்டும். அப்போது ஆசிரியர், "என்ன குறை?" என்று கேளாது, "என்ன வேண்டும்?" என்று கேட்பாராக!