தொலைபேசி மணி அடிக்கும்போது
கடன் நிறுவனங்களின் அழைப்புகளை எவ்வாறு எதிர்கொள்வது?

சென்ற மாரிக் காலத்தில் ஒரு நாள், கட்டாரில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் எம்முடன் தொடர்புகொண்டார். மூன்று நாட்களாகத் தாயாரின் தொலைபேசி வேலை செய்யவில்லை, ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். போய்ப் பார்த்தோம். தாய் சுகமாகவே இருந்தார். தொலைபேசியை அவரே நிறுத்தி, அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

“பாதர், மணி அடிச்சாலே நெஞ்சு பதறுது. நாளைக்குக் காசு கட்டாட்டி பொலிசோட வருவம் எண்டு சொல்லுறாங்கள்” என்றார்.

அவர் கடன் எடுத்தவர் அல்லர். அயல்வீட்டுப் பெண் எடுத்த கடனுக்குப் பிணை நின்றவர். பொலிசுக்குப் பயந்து தோட்டை அடகு வைத்து ஒரு தவணைப் பணத்தையும் கொடுத்துவிட்டார். அதற்குப் பற்றுச்சீட்டு வாங்கவில்லை. மொத்தம் எவ்வளவு பாக்கி என்று கேட்டோம். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தொகை சொல்லப்பட்டிருந்தது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2009இல் யுத்தம் முடிவடைந்த பின்னர் வடக்கு, கிழக்குக் கிராமங்களில் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, அறவீட்டாளர்களால் பெண்கள் படும் துன்பத்தை உலகுக்கு எடுத்துரைத்தார். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களக் கிராமப் பெண்கள் இதே பிரச்சினைக்காகத் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தனர். அன்று அறவீட்டாளர் வாரத்துக்கு ஒருமுறை படலைக்கு வந்தார். இன்று அவர் தொலைபேசி வழியாக ஒரு நாளில் பலமுறை வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறார்.

இவ்வழைப்புகளைக் கண்டு ஒளிந்துகொள்வதும், அவர்கள் சொல்வதையெல்லாம் நம்பிவிடுவதும் ஒரேயளவு ஆபத்தானவை. எந்த அழைப்பாயினும் நாம் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: தொலைபேசியில் எதையும் தீர்மானிக்காதீர்கள்; எல்லாவற்றையும் எழுத்துக்குக் கொண்டுவாருங்கள்.

1. விற்பனை அழைப்பு

“உங்களுக்குக் கடன் அட்டை ஒதுக்கப்பட்டுள்ளது, முதல் வருடம் கட்டணம் இல்லை”, “ஒரே நாளில் லோன் தருகிறோம்” என்று இனிமையாக வரும் அழைப்பு இது. ஆசிரியர்கள், அரச ஊழியர்கள், ஓய்வூதியம் பெறுவோர் ஆகியோரே பெரும்பாலும் இதற்கு இலக்காகின்றனர்.

இங்கு சொல்லப்படும் வட்டி வீதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். 50,000 ரூபாவை ஒரு வருடத்துக்கு “24 வீதம்” என்று தருகிறார்கள் என வைத்துக்கொள்வோம். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை மாதம் சுமார் 5,167 ரூபா வீதம் 12 தவணைகளில் கட்டவேண்டும். ஆனால் முதல் மாதமே நாம் கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறோம். அப்படியிருந்தும் வட்டி முழு 50,000 ரூபாவுக்கும் முழு வருடத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 41 வீதத்துக்கும் அதிகமாகும். ஆகவே “குறைந்து செல்லும் மீதிக்கு ஆண்டு வட்டி எத்தனை வீதம்?” என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கடன் அட்டையிலும் இதே கவனம் தேவை. மாதந்தோறும் “குறைந்தபட்சக் கொடுப்பனவை” மட்டும் கட்டிவருபவருக்குக் கடன் தீர்வதில்லை. மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும்.

வேண்டாமென்றால், “எனக்குத் தேவையில்லை. என் இலக்கத்தை உங்கள் பட்டியலிலிருந்து நீக்குங்கள்” என்று சொல்லி முடித்துவிடலாம். மரியாதைக்காக “சரி, பார்ப்பம்” என்று சொல்வது எமது வழக்கம். அந்தச் “சரி” பதிவுசெய்யப்பட்டு, சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சம்மதமின்றி அவருக்கு விளம்பரச் செய்தி அனுப்பலாகாது என்ற கொள்கையைக் கொண்டது. ஆயினும் அது கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருவதற்கென ஆக்கப்பட்டது. எனவே சட்டத்தை மாத்திரம் நம்பியிராமல், தொலைபேசியிலேயே அந்த இலக்கத்தைத் தடைசெய்யும் வசதியையும் பிள்ளைகளிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

2. அறவீட்டு அழைப்பு

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது எமது கடமை. கடன் கொடுத்தவர் அதைக் கேட்பதும் நியாயமே. ஆனால் கேட்பது வேறு, மிரட்டுவது வேறு. பின்வரும் விடயங்களை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

(அ) பொலிஸ்: வறுமையினால் தவணை கட்ட முடியாமற்போவது மாத்திரம் பொலிஸ் பிடிக்கும் குற்றமன்று. அது நீதிமன்றத்தில் தீர்க்கப்படவேண்டிய சிவில் விடயம். ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் சிறையிடலாகாது என்று, இலங்கை 1980இல் இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆனால் பொய்த் தகவல் கொடுத்துக் கடன் பெறுவதும், கணக்கில் பணமில்லாமல் காசோலை எழுதிக் கொடுப்பதும் வேறு விடயங்கள். அவற்றில் குற்றப் பொறுப்பு வரலாம். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது.

(ஆ) பிணையாளி: பிணைக் கையொப்பம் இட்டவருக்குப் பொறுப்பு உண்டு. கையொப்பம் இடாத அயலவருக்கும், உறவினருக்கும், பங்குத்தந்தைக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை. அவர்களை அழைத்து உங்கள் கடனைப் பற்றிப் பேசுவது உங்களை வெட்கப்படுத்தும் தந்திரமேயாகும்.

(இ) “கிரிப்பில பெயர் போடுவம்”: கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. உறுப்பு நிறுவனங்கள் கொடுக்கும் தகவலின்படி, ஒருவர் கடனை எப்படிக் கட்டிவந்தார் என்பதை அது பதிவுசெய்கிறது. தவணை தவறினால் அது பதிவாகும் என்பது உண்மை. ஆனால் அறவீட்டாளர் கோபத்தில் எழுதிவிடும் கறுப்புப் பட்டியல் அதுவன்று. உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம்.

அழைப்பு வந்தால் நிதானமாக நான்கு விடயங்களைக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்: பேசுபவரின் பெயர், நிறுவனமும் கிளையும், கடன் இலக்கம், கேட்கும் தொகை. திகதியையும் நேரத்தையும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், “கணக்குக் கூற்றைக் கடிதத்தில் அனுப்புங்கள், பதில் தருகிறேன்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், அவர்கள் அழைக்கும்வரை காத்திராமல் நாமே முன்கூட்டிக் கிளைக்குக் கடிதம் கொடுத்து, தவணையை மீளமைத்துத் தரும்படி கேட்பது உத்தமம். பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு இல்லையேல் பணமும் இல்லை.

3. திருடனின் அழைப்பு

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அட்டை இலக்கத்தையும் தொலைபேசிக்கு வரும் இரகசியக் குறியீட்டையும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எந்த வங்கியும் அந்தக் குறியீட்டையோ இரகசிய இலக்கத்தையோ தொலைபேசியில் கேட்பதில்லை. கேட்டால் அவர் திருடனே. தொலைபேசியை வைத்துவிட்டு, வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். தொலைபேசிச் செயலி மூலம் உடனடிக் கடன் தருவோரிடமும் கவனம் தேவை. உங்கள் தொலைபேசியிலுள்ள பெயர், இலக்கங்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டால் அது எதற்காக என்று சிந்தியுங்கள். தவணை தவறும் நாளில் அந்த இலக்கங்களுக்கெல்லாம் அழைப்புப் போகலாம்.

முறைப்பாடு செய்வது எங்கே?

முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிடில் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை நாடலாம். இது 2020இல் தொடங்கப்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1935. மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், வாடிக்கையாளரை நியாயமாக நடத்தும் பொறுப்பைத் தனது மேற்பார்வைக்குட்பட்ட நிறுவனங்கள்மீது சுமத்துகின்றன. வங்கிகள், பதிவுபெற்ற நிதிக் கம்பனிகள் தொடர்பாக நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம்.

ஆனால் 2016ஆம் ஆண்டின் நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புப் பெறும் நிறுவனங்களையே நோக்கியது. வைப்புப் பெறாது கடன் மாத்திரம் கொடுத்தவர்கள் பலர் அதற்கு வெளியே நின்றனர். எனவே கடன் எடுக்கமுன், அந்நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று விசாரியுங்கள். உடலுக்கோ மானத்துக்கோ தீங்கு செய்வதாக எவராவது பயமுறுத்தினால் அது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அப்போது பொலிசுக்குப் போகவேண்டியவர்கள் நாமே. சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களில் வசதியற்றோருக்கு ஆலோசனை கிடைக்கும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

அந்தத் தாயுடன் இருந்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். கணக்குக் கூற்றையும், கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டையும் கேட்டோம். சில வாரங்களில் பதில் வந்தது. அதில் பொலிஸ் என்ற சொல்லே இருக்கவில்லை. தொலைபேசியில் பேசத் துணிந்ததைக் கடிதத் தாளில் எழுத அவர்கள் துணியவில்லை. கடன் இல்லாமற் போய்விடவில்லை. கடன் எடுத்த பெண்ணும் இவரும் சேர்ந்து சிறிய தவணைகளாகக் கட்டிவருகிறார்கள். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் மகன் அழைத்தால் தாய் பேசுகிறார்.

இதை ஒரு தாய் தனியே செய்வது கடினம். மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதக் கூட்டத்தில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். கடன் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லி, வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்து விளக்கலாம். உண்மையான வட்டியைக் கணக்குப் பார்க்கலாம். கடிதம் எழுத உதவலாம். கடன்பட்டவர் வெட்கத்தினால் ஒதுங்கி நிற்கும்வரையில்தான் மிரட்டலுக்குப் பலம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருப்பவர் யார், அவருடைய தொலைபேசி ஏன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று விசாரித்துப் பார்ப்பதிலிருந்து நாம் தொடங்குவோம்.