கடைசி ரவுண்டில் தளர்வது எது?

வல்லம், செஞ்சிப் பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் ஓடும் பையன்களில் பலருக்கு ஒரே கணக்குதான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் ரவுண்டு. அந்தக் கடைசி ரவுண்டில் ஓரமாக நின்று பாருங்கள். தோள் முன்னால் சரியும், கை நெஞ்சுக்குக் குறுக்கே வீசும், அடிக்கு அடி இடுப்பு ஒரு பக்கமாக இறங்கும். "காலு விட்டுப்போச்சு" என்பான் பையன். இடுப்பு விட்டுப்போனதை அவன் கவனித்திருக்க மாட்டான்.

வயிறு, முதுகு, இடுப்பு, பிட்டம் ஆகியவற்றின் தசைகளைத்தான் ஜிம்மில் 'கோர்' என்கிறார்கள். சிக்ஸ் பேக் வேறு, இது வேறு. பாதம் தரையில் விழும்போது உடம்பு முறுக்காமல் பிடித்து நிறுத்துவதே இதன் வேலை. ஓட்டப் பயிற்சிக்கு இது மாற்றும் அல்ல, நேரத்தைக் குறைக்கும் மந்திரமும் அல்ல. களைத்த பிறகும் உடம்பு நேராக நிற்க உதவும், அவ்வளவுதான்.

வாரம் மூன்று நாள், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிளாங்க், பக்கவாட்டுப் பிளாங்க், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, முட்டி போட்டு ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது. பிளாங்கில் முதுகின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தால் சிந்தக்கூடாது, அந்த மட்டம். வாய்விட்டு எண்ணுங்கள், எண்ண முடியவில்லையா, மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள். பத்து விநாடி, இறக்கி, மறுபடி. கழுத்தை இழுத்துக்கொண்டு நூறு சிட்-அப் எடுப்பதை விடலாம். அமெரிக்க ராணுவமே தன் உடற்தகுதித் தேர்வில் இப்போது பிளாங்க்தான் வைத்திருக்கிறது.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறுவதும் நல்ல பயிற்சிதான், கிட்டத்தட்ட 800 அடி. ஆனால் இறங்கும்போது ஓடாதீர்கள். அந்தப் படிகள் யாரும் ரேஸ் விடப் போட்டவை அல்ல.

முதுகுவலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் டீ நிறத்தில் போனாலும் அப்படித்தான். வலி ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. நாள்பட்ட வலிக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை கிடைக்கும்.

இனி பணம். ஜிம்மோ, பிசிக்கல் கோச்சிங் சென்டரோ, கட்டிய கட்டணத்துக்கு பில் கேட்பது உங்கள் உரிமை. புரோட்டீன் டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். பெயரில்லாத மாத்திரை, ஊசி எதையும் தொடாதீர்கள். போட்டிகளில் ஓடுபவர் என்றால், உடம்பில் ஊக்கமருந்து இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மாஸ்டர் கொடுத்தார் என்பது காப்பாற்றாது.

சொன்ன பயிற்சியைத் தராமல் பாதியில் மூடிவிட்டார்களா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி இரண்டு ஆண்டுக்குள் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. 'பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்துவிட்டதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பாருங்கள், தமிழிலேயே பேசலாம்.