கடன் பில்லைக் கணினியிலும் சேமித்து வையுங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், என் கடையில் கடனுக்குச் சரக்கு எடுத்த ஒருவர் கணக்கு முடிக்க வந்தார். நான் கூறிய தொகையை அவர் ஏற்கவில்லை. "பில்லைக் காட்டுங்க நானா" என்றார். எடுத்துப் பார்த்தால், ரோல் கடதாசியில் அடித்த எங்கள் பிரதியில் எழுத்தே தெரியவில்லை. வெப்பத்தால் எழுத்து விழும் அவ்வகைக் கடதாசி, சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கிவிடும். கணினியிலும் இல்லை. ஒரே எக்செல் தாளில் பழைய பில்லை அழித்துவிட்டுப் புதியதை அடிப்பதே எங்கள் வழக்கம். கடைசியில் அவர் சொன்ன தொகைக்கே கணக்கை முடித்தேன்.

இந்த நட்டத்தைத் தவிர்க்கும் வசதி என் கணினியிலேயே இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அச்சுக்கு அனுப்புவதைக் கடதாசிக்குப் பதிலாக பிடிஎப் கோப்பாகச் சேமிக்கலாம். முன்னர் இதற்குத் தனி மென்பொருள் தேவைப்பட்டது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 முதல் இவ்வசதி கணினியுடனேயே வருகிறது.

செய்முறை இலகுவானது. பில்லைத் திறந்து கன்ட்ரோல், பி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். பிரின்டர் பட்டியலில் 'மைக்ரோசொப்ட் பிரின்ட் டு பிடிஎப்' என்பதைத் தெரிவுசெய்து பிரின்ட் கொடுங்கள். பெயரும் இடமும் கேட்கும்; கொடுத்து சேவ் செய்யுங்கள். பட்டியலில் அது இல்லையெனில், கன்ட்ரோல் பெனலில் 'டேர்ன் விண்டோஸ் பீச்சர்ஸ் ஒன் ஓர் ஓஃப்' பகுதியில் அதற்குச் சரி அடையாளம் இடுங்கள்.

வேலை மும்முரத்தில் மறந்துவிடாதிருக்க, அதையே டிபோல்ட் பிரின்டராக்கினேன். செட்டிங்ஸில் பிரின்டர்கள் உள்ள பகுதிக்குச் சென்று, 'லெட் விண்டோஸ் மெனேஜ் மை டிபோல்ட் பிரின்டர்' என்பதை நிறுத்திவிட்டு இதனைத் தெரிவுசெய்ய வேண்டும். இப்போது முதலில் கோப்பு உருவாகிறது. பிறகு அதைத் திறந்து, வழமையான பிரின்டரில் கடதாசிப் பிரதி எடுக்கிறோம்.

கவனிக்க வேண்டியவை சில:

'பிரின்ட் டு ஃபைல்' என்ற கட்டத்தைத் தெரிவுசெய்ய வேண்டாம். அது பிடிஎப் கோப்பைத் தராது. அதில் கிடைப்பது பிரின்டருக்கு மாத்திரம் விளங்கும் கோப்பு. திறந்து வாசிக்க முடியாது.

பெயரில் வருடம், மாதம், திகதி, பில் இலக்கம் என்ற ஒழுங்கைப் பின்பற்றுங்கள். கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும். சாய்கோட்டைப் பெயரில் விண்டோஸ் ஏற்காது, சிறுகோடு இடுங்கள். முன்பு வைத்த பெயரையே மீண்டும் கொடுத்து, மாற்றவா என்று கேட்கும்போது ஆம் என்றால் பழைய பில் போய்விடும்.

கணினி பழுதானால் எல்லாம் போகும். எனவே வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

இலத்திரனியல் வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் சட்ட அங்கீகாரத்தை மறுக்க முடியாது என எமது நாட்டின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் கூறுகிறது. ஆயினும் வாங்கியவரின் கையொப்பமிட்ட பிரதியையும் பத்திரப்படுத்துவதே நல்லது.

ஒரு பில்லுக்கு அரை நிமிடம் கூடச் செல்லாது. அன்று நான் விட்டுக்கொடுத்த தொகையோடு பார்த்தால், இது செலவே அல்ல.