சினவாது பயிற்றல்

வாலிபால் என வழங்கும் கைப்பந்தாட்டத்தை 1895-ஆம் ஆண்டில் முதன்முதல் வகுத்தவர், அமெரிக்க நாட்டு ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராயிருந்த வில்லியம் மார்கன் என்பார். கூடைப்பந்தாட்டத்தின் ஓட்டத்தையும் மோதலையும் தாங்கவியலாத, வயது முதிர்ந்த அலுவலர் இளைப்பாறுதற்கென்றே அவர் இதனை அமைத்தார். அங்ஙனம் பிறந்த ஆட்டம் இந்நாளிற் சிறுவர் பலர்க்கு அச்சத்திற்கு இடமாயிருத்தல் வியப்பன்றோ?

அதற்குரிய காரணத்தின் ஒரு பகுதி ஆட்டத்தின் இயல்பிலேயே உள்ளது. ஏனைப் பந்தாட்டங்கள் பலவற்றிற் பந்தைக் கையிலோ காலிலோ சிறிது நிறுத்தி, அடுத்துச் செய்வது யாதென எண்ணிப் பார்க்கலாம். இங்கோ பந்தைப் பிடித்தல் ஆகாது. வலையருகே தடுத்தலை ஒழித்தால், ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடுதலும் ஆகாது. மூன்று தொடுதலுக்குள் அது வலையைக் கடந்தாக வேண்டும். ஆகவே கை ஒரு விரலளவு கோணினும் பந்து எங்கேயோ சென்று விழுகின்றது. பிழைத்தவன் இன்னான் என்பதைக் காண்போர் அனைவரும் அறிகின்றனர். இந்நிலையிற் பயிற்சியாளரும் ஓரத்தில் நின்று வைவாராயின், அச்சிறுவன் அடுத்த பந்தை நோக்குவதில்லை. அவர் முகத்தையே நோக்குகின்றான். பந்தை ஏற்பதற்கு முழங்கால் வளைந்தும், தோள் தளர்ந்தும், முன்கைகள் இரண்டும் ஒன்றுசேர்ந்து அசையாதும் இருத்தல் வேண்டும். அஞ்சினவனுக்கோ தோள் இறுகுகின்றது. பந்து நெருங்குங்கால் கண் மூடிக்கொள்கின்றது. எப்பிழையை நீக்குதற்கு வைதாரோ அப்பிழையே மீண்டும் நிகழ்கின்றது.

"கடுமையின்றி வெற்றி ஏது?" என்பார் ஜப்பான் நாட்டைச் சான்று காட்டுவர். 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் மகளிரை வென்று பொற்பதக்கம் பெற்ற ஜப்பானிய மகளிரைப் பயிற்றியவர் தைமாட்சு ஹிரோபுமி. அம்மகளிருட் பெரும்பாலோர் ஒரு நூலாலையிற் பணிபுரிந்தவர். பகலில் ஆலைவேலை, அதன்பின் நள்ளிரவு வரை பயிற்சி. அவ்வெற்றியை யான் குறைத்துக் கூறவில்லை. ஆயின் அவர்கள் வளர்ந்த மகளிர். பத்து வயதுக் குழந்தைகள் அல்லர். பெரியோர் தாங்கிய சுமையைக் குழந்தையின் தலைமேல் ஏற்றுதற்கு அப்பொற்பதக்கம் உரிமைச் சீட்டு ஆகாது.

இதனை ஜப்பானியரே பின்னர் உணரலாயினர். அந்நாட்டுக் குழுவில் ஆடிப் புகழ்பெற்ற மசுகோ நவோமி அம்மையார், தம் பள்ளிநாளிற் பயிற்சியாளரிடம் அடியும் வசையும் பெற்றதனையும், அதனால் ஆட்டத்தில் விருப்பம் குன்றியதனையும் வெளிப்படவே கூறியிருக்கின்றார். 2015-ஆம் ஆண்டில் புகுவோகா மாநிலத்தில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒரு கைப்பந்துப் போட்டியை அவர் தொடங்கினார். அதன் தலையாய விதி, பயிற்சியாளர் சினத்தல் கூடாது என்பதே. சினந்தவர் பெருக்கற்குறி இட்ட முகமூடியால் தம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்! பிள்ளைகள் இக்காட்சியைக் கண்டு நகைத்திருப்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை. விதி எளிது, பின்பற்றுதல் அரிது. வசையை நீக்கிவிட்டாற் பயிற்சியாளர் பலர்க்குச் சொல்லுதற்கு வேறு சொல்லே எஞ்சுவதில்லை. "நன்றாக ஏற்றுக்கொள்!" என்று கத்துதல் யார்க்கும் எளிது. "பந்து வருமுன் கால் நிலைகொண்டதா?" என்று கேட்பதற்கு, அவனுடைய காலை உற்றுநோக்கியிருத்தல் வேண்டும். பொறுமை என யான் கருதுவது இவ்வுற்றுநோக்கலையே.

ஆட்டத்தையே குழந்தையின் அளவிற்கு இறக்குதலும் மதிப்பின்பாற்பட்டது. வளர்ந்த ஆடவர்க்கு வலையின் உயரம் 2.43 மீட்டர்; பந்தின் எடை 260 முதல் 280 கிராம் வரை. ஜப்பானியத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கோ வலை 2 மீட்டரே. பந்தும் ஏறக்குறைய 210 கிராமே. மெல்லிய முன்கையிற் கனத்த பந்து வந்து தாக்கினால் தோல் சிவந்து வலிக்கும். அவ்வலியைக் கோழைத்தனம் என்று பழிப்பவர், தம் முதல் நாளை மறந்தவராவர்.

இங்ஙனம் எழுதும் யானும் குற்றமற்றவனல்லேன். சென்ற ஆண்டு எங்கள் விடுதியை அடுத்த தெருச் சிறுவர் சிலர்க்கு மாலைதோறும் இவ்வாட்டம் கற்பித்து வந்தேன். அவருள் ஒருவன் பந்தைத் தொடங்கியடிக்கும் முறை வரும்போதெல்லாம் வலைக்குள்ளேயே அடித்தான். ஒரு நாள் யான் பொறுமையிழந்து, ஏனையோர் கேட்கக் கடிந்துவிட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை, மறுநாள் வரவுமில்லை. நான்காம் நாள் அவன் வீட்டிற்கே சென்று, "தம்பி, தவறு என்னுடையது" என்றேன். பத்தொன்பது வயதினனாகிய எனக்கு அதனைச் சொல்லுதல் எளிதாயிருக்கவில்லை. அவன் தாயார் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வலையை ஒரு சாண் இறக்கிக் கட்டினேன். எல்லைக்கோட்டிற்கு வெளியே நில்லாமல், வலைக்கு அணித்தே நின்று அடிக்குமாறு அவனிடம் கூறினேன். பத்துப் பந்துகளில் மூன்று வலையைக் கடந்தன. ஏனைய ஏழையும் அவனே ஓடிச்சென்று பொறுக்கி வந்து, "அண்ணா, இன்னும் ஒரு பத்து" என்றான்.